31 ஸ்வரம், ஐந்து காந்தாரம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சின்தசைசரில் ஸ்தாயியை (ச முதல் மேல் ச வரை) 31 சம பாகமாகப் பிரித்து வாசித்துப் பார்த்தேன். எந்த இரண்டை அழுத்தினாலும் அபஸ்வரம். இதில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), ஹார்மனி என்றெல்லாம் பேசுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

பதில்: அடுத்தடுத்த கட்டைகளை அழுத்திக்கொண்டே போனால் அபஸ்வரம்தான் வரும். 12 ஸ்வரத்திலும் அதே கதிதான், காது பழகிவிட்டதால் நமக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். 31-ஐ இப்போதைக்கு விட்டுவிட்டு அதிலிருந்து ஏழை மட்டும் எடுங்கள். ஸ்தாயி 1200 சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு; வழக்கமான 12 ஸ்வர ட்யூனிங்கில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). 31-ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 38.7 சென்ட். மேஜர் ஸ்கேலுக்கு (சங்கராபரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கமகத்தை ஒதுக்கிவிட்டு) படிகள் 5 5 3 5 5 5 3. இப்போது ச-க-ப மூன்றையும், அதாவது 0, 10, 18 ஆகிய படிகளை, சேர்த்து அழுத்திக் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் இருங்கள். அப்புறம் அதே கார்டை வழக்கமான 12 ஸ்வர ட்யூனிங்கில் பிடியுங்கள்.

வித்தியாசம் காந்தாரத்தில் இருக்கிறது. 5:4 என்ற சுத்தமான விகிதத்தில் அந்தர காந்தாரம் 386.3 சென்ட். 31-ல் அது 387.1, 12-ல் 400. ச 200 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்தாவது ஹார்மானிக் (ஸ்வரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும், அதன் ஐந்து மடங்கான மேல்சுரம்) 1000 ஹெர்ட்ஸ். காந்தாரத்தின் நான்காவது ஹார்மானிக்கும் அங்கேயே வந்து விழுந்தால்தான் இரண்டும் கலந்து நிற்கும். 12 ஸ்வர ட்யூனிங்கில் அது 1008-க்குப் பக்கத்தில் விழுகிறது, அதனால் ஒலி விநாடிக்கு எட்டு தடவை துடிக்கிறது. 31-ல் ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு தடவைதான்.

இதற்காகப் பஞ்சமத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சுத்தப் பஞ்சமம் 702 சென்ட், 31-ல் கிடைப்பது 696.8. ஏன் என்று பார்த்தால், நான்கு சுத்தப் பஞ்சமங்களை அடுக்கி இரண்டு ஸ்தாயியைக் கழித்தால் 81:64 வரும், அது 5:4-ஐ விட 21.5 சென்ட் கூடுதல். இந்த எச்சத்துக்குக் கமா என்று பெயர். 12 ஸ்வர ட்யூனிங் ஒவ்வொரு பஞ்சமத்திலும் 2 சென்ட் மட்டும் குறைக்கிறது, நான்கில் 8 சென்ட் கரைகிறது, மீதி 14 சென்ட்டும் காந்தாரத்தின் தலையில் விழுகிறது. 31 ஒவ்வொரு பஞ்சமத்திலும் 5 சென்ட் குறைத்து, எச்சத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கரைத்துவிடுகிறது. எச்சத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் ட்யூனிங் விஷயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் சண்டை. என் கட்சி இதுதான்: ஒரு ட்யூனிங்கில் எத்தனை ஸ்வரம் என்று கேட்பதற்கு முன்னால், அது எந்தக் கமாவை விழுங்குகிறது, எதை விட்டுவைக்கிறது என்று கேளுங்கள். எந்த மோடில் (அதே ஸ்வரங்களை வேறு ஷட்ஜத்திலிருந்து படிக்கும் அடுக்கு) எந்தக் கார்டு கிடைக்கும், அது எங்கே போய் அமரும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: 31-ல் மேஜர், மைனர் தவிர வேறு கார்டு உண்டா?

பதில்: உண்டு, அதற்காகத்தான் பலர் இங்கே வருகிறார்கள். ச-வையும் ப-வையும் (0, 18) அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் உள்ள காந்தாரத்தை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். 8-ல் வைத்தால் வழக்கமான மைனர், 10-ல் வழக்கமான மேஜர். 7-ல் வைத்தால் 271 சென்ட், 7:6 என்ற விகிதத்துக்கு நான்கு சென்ட் தள்ளி நிற்கும். மைனரை விட இருண்டது, ஆனால் கரடுமுரடு கிடையாது. 11-ல் வைத்தால் 426 சென்ட், பளீரென்று, கொஞ்சம் முரட்டுத்தனமாக. நடுவில் 9, 348 சென்ட், பஞ்சமத்தைச் சரிபாதியாக வெட்டுகிறது. மேஜரா மைனரா என்று கேட்டால் பதில் சொல்லாது. ஆக ஐந்து காந்தாரம். 12 ஸ்வரத்தில் இரண்டு.

கேள்வி: மோடு என்று சொல்வது நம் கிரக பேதம்தானே? 31-ல் மொத்தம் எத்தனை மோடு இருக்கும்?

பதில்: வேலை அதேதான். அடுக்கை மாற்றாமல் ஆதார ஷட்ஜத்தை நகர்த்துவது. 5 5 3 5 5 5 3 என்பதை ரிஷபத்திலிருந்து படித்தால் கரகரப்பிரியா, காந்தாரத்திலிருந்து தோடி, மத்யமத்திலிருந்து கல்யாணி, பஞ்சமத்திலிருந்து ஹரிகாம்போஜி, தைவதத்திலிருந்து நடபைரவி. நிஷாதத்திலிருந்து படித்தால் பஞ்சமம் 18-க்குப் பதில் 16-ல் போய் விழும், அதனால் அது எந்த மேளத்திலும் சேராது. இதெல்லாம் 12-ல் உள்ள அதே ஏழு மோடுதான், காந்தாரங்கள் மட்டும் இனிப்பாக இருக்கும். (ராகத்தை வெறும் அடுக்காகச் சுருக்குவது பாவம் என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன். இங்கே பேச்சு அடுக்கைப் பற்றி மட்டும்.)

மொத்தம் எத்தனை என்று எண்ணுவது எனக்குப் பயனுள்ளதாகப் படவில்லை. 31-லிருந்து ஏழைத் தேர்ந்தெடுக்க லட்சக்கணக்கான வழி உண்டு, அதில் பெரும்பாலானவற்றில் ஒரு நல்ல கார்டுகூடக் கிடைக்காது. அதற்குப் பதிலாக 12-ல் இருக்கவே முடியாத ஒரே ஒரு அடுக்கைச் சொல்கிறேன், அதிலேயே ஒரு மாதம் உட்காரலாம்: 4 5 4 5 4 5 4. ஸ்வரங்கள் 0, 4, 9, 13, 18, 22, 27-ல் வரும்.

ஒன்று விட்டு ஒன்றாக ஸ்வரங்களை எடுத்துக் கார்டு கட்டிப் பாருங்கள். 0-9-18. அடுத்தது 4-13-22, அதுவும் 9-ம் 9-ம்தான். 9-18-27, 13-22-31, 22-31-40, எல்லாமே அதே நடுநிலைக் கார்டு. மேஜர் ஸ்கேலில் முதல் கார்டு மேஜர், இரண்டாவது மைனர் என்று வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவதால்தான் கார்டு நகர்வதே காதில் விழுகிறது. இங்கே அந்த வசதி போய்விட்டது. பலர் இந்த இடத்தில் ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, ஹார்மனி கிடையாது’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் பஞ்சமத்தில் உள்ள கார்டைப் பாருங்கள்: 18, 27, அப்புறம் மேல் ஸ்தாயியின் 4, அதாவது 35. அடியிலிருந்து உச்சிக்கு 17 படிதான், 658 சென்ட், ஒரு படி குறைந்த பஞ்சமம், நன்றாகவே உறுத்தும். 27-ல் உள்ள கார்டிலும் அதே 17 படிப் பஞ்சமம், அதோடு காந்தாரமும் அங்கே மட்டும் 8 படியாகச் சுருங்குகிறது. ஆக ஏழில் ஐந்து கார்டு நிம்மதியாக நிற்கிறது, இரண்டு நிற்காமல் தவிக்கிறது. தவிக்கிற அந்த இரண்டும் ச-வுக்குத் திரும்பத் துடிக்கும் இடத்திலேயே, ப-விலும் நி-யிலும், உட்கார்ந்திருக்கின்றன. பாட்டை முடித்துவைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது கிரக பேதம் செய்யுங்கள். ஆதாரத்தை 4-க்கு நகர்த்தினால் அடுக்கு 5 4 5 4 5 4 4 என்று ஆகும். தவிக்கிற கார்டுகள் ப-வையும் நி-யையும் விட்டுவிட்டு நான்காவது, ஆறாவது இடத்துக்குப் போய்விடும். பாட்டு வேறு வாசல் வழியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். மேஜர்-மைனர் என்ற நிறம் இல்லாத ஒரு அடுக்கில் ஒரு மோடையும் இன்னொரு மோடையும் பிரித்துக்காட்டுவது இதுதான், உறுத்தல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. மோடு என்றால் சோகம், சந்தோஷம் என்று பட்டியல் போடுகிறவர்கள் ஒருமுறை இதை வாசித்துப் பார்க்கலாம்.

கேள்வி: மைனர் ஸ்கேலை இன்னும் இருட்டாக்க என்ன செய்யலாம்?

பதில்: 31-ல் மைனர் 0, 5, 8, 13, 18, 21, 26. இதில் காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றையும் ஒரு படி இறக்கி 7, 20, 25 ஆக்குங்கள். முதல், நான்காம், ஐந்தாம் கார்டுகள் மூன்றும் அந்த இருண்ட 0-7-18 ஆகிவிடும், மூன்றாவதும் ஆறாவதும் பளீரென்ற 0-11-18. ஏழாவது கார்டை மட்டும் தொடாதீர்கள், அதன் பஞ்சமம் 19 படிக்கு ஏறி 735 சென்ட்டில் ஊளையிடும். அல்லது வேண்டுமென்றே தொடுங்கள்.

கேள்வி: ‘ஏழாவது ஹார்மானிக் கார்டு’ என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: 4:5:6:7 என்ற விகிதத்தில் நிற்கும் நான்கு ஸ்வரம். வழக்கமான டாமினன்ட் செவன்த் கார்டின் (பஞ்சமத்தின் மேல் கட்டும் நான்கு ஸ்வரக் கார்டு) அண்ணன் என்று நினைத்து வாசிப்பார்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 7:4 என்பது 968.8 சென்ட். 12-ல் அதற்குப் பக்கத்தில் இருப்பது 1000, முப்பது சென்ட்டுக்கு மேல் பிசகு. 31-ல் 25-வது படி 967.7, ஒரே ஒரு சென்ட் வித்தியாசம். 0-10-18-25 என்று பிடித்தால் நான்கு ஸ்வரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஒலி மாதிரி நிற்கும்.

ஒட்டிக்கொண்டு நிற்கிற கார்டு எங்கேயும் போக ஆசைப்படாது. டாமினன்ட் செவன்த்தின் வேலையே உறுத்தி, ச-வை நோக்கித் தள்ளுவது. அதனால் பஞ்சமத்திலிருந்து ச-வுக்குத் தள்ள வேண்டுமானால் ஸ்கேலில் ஏற்கெனவே இருக்கிற 26-வது படியை (1006.5 சென்ட்) பயன்படுத்துங்கள், பாட்டு ஓய்வெடுக்கும் இடத்தில் 25-ஐப் பயன்படுத்துங்கள். ஒரே கார்டில் 26-லிருந்து 25-க்கு ஒரு குரலை மட்டும் ஒரு படி இறக்கிப் பாருங்கள், உறுத்தல் அப்படியே கரைந்து போவது கேட்கும். 12-ல் செய்யவே முடியாத ஒரு நகர்வு இது, எனக்கு 31-ல் மிகப் பிடித்ததும் இதுதான்.

கேள்வி: சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் இதில் வேறு வேறா?

பதில்: ஆமாம். 31-ல் சி-யிலிருந்து சி ஷார்ப் 2 படி, டி ஃபிளாட் 3 படி. 17 பாக ட்யூனிங்கிலும் 22 பாகத்திலும் தலைகீழ், ஷார்ப்தான் ஃபிளாட்டை விட உயரம். மேலே சொன்ன 25-வது படியும் (சி-யை ச-வாக வைத்தால்) பி ஃபிளாட் கிடையாது, ஏ ஷார்ப். எழுதும்போது கவனம்.

கேள்வி: கால் ஸ்வரம் என்று ஸ்தாயியை 24 பாகமாகப் பிரித்தால் போதாதா? இருக்கிற 12-ஐ அப்படியே இரண்டாக வெட்டினால் போயிற்று. 31 என்ன கணக்கு?

பதில்: வெட்டலாம். ஆனால் 24-ல் அந்தர காந்தாரம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: 350, 400, 450. அதே 400-தான் மறுபடியும். ஸ்வரம் இரண்டு மடங்கானது, காந்தாரம் ஒரு சென்ட்கூட நகரவில்லை. நடுநிலைக் காந்தாரம் 350-ல் நன்றாகக் கிடைக்கும், பதினோராவது ஹார்மானிக் 550-ல் அழகாக அமரும், அதற்காக 24-ஐ எடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 30 பாகம் இன்னும் மோசம்: பஞ்சமம் 680 அல்லது 720, இரண்டுமே 702-க்குத் தூரம். 19 பாகம் 30-ஐ விட எவ்வளவோ மேல், அதன் சாதாரண காந்தாரம் (315.8 சென்ட்) சுத்தமான 6:5-க்கு மயிரிழை பக்கத்தில் நிற்கும். எண்ணிக்கை கூடினால் சுத்தம் கூடும் என்பது ஒரு பிரமை.

31 ஒன்றும் நேற்று வந்ததில்லை. பஞ்சமத்தைக் கால் கமா குறைத்து மேஜர் காந்தாரத்தைச் சுத்தமாக வைக்கும் முறை ஐரோப்பாவில் பல காலம் புழக்கத்தில் இருந்தது, அதில் பஞ்சமம் 696.6 சென்ட். 31-ல் 696.8. இரண்டும் நடைமுறையில் ஒன்றே என்று கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1691-ல் கணக்குப் போட்டுக் காட்டினார், ஒளியின் அலைக் கொள்கைக்குப் பெயர்போன அதே ஹைகன்ஸ். அவருக்கு முன்பே 1555-ல் நிக்கோலா விசென்டினோ என்ற இத்தாலிய இசையமைப்பாளர் ஸ்தாயிக்கு 12-ஐப் போலச் சுமார் மூன்று மடங்கு கட்டைகள் கொண்ட ஒரு கீபோர்டைப் பற்றி எழுதிவிட்டார். 1606-ல் வீட்டோ டிரசுன்டினோ செய்த, ஸ்தாயிக்கு 31 கட்டை கொண்ட கருவி ஒன்று இன்றும் போலோன்யாவில் இருக்கிறது. 1950-ல் ஏட்ரியான் ஃபொக்கர் என்ற டச்சு இயற்பியலாளர் 31 ஸ்வர ஆர்கன் ஒன்றையே கட்டவைத்தார்.

கேள்வி: 22 பாக ட்யூனிங் என்றால் 22 சுருதிதானே?

பதில்: எண்ணிக்கை ஒன்று, விஷயம் வேறு. 22 சுருதி என்றால் 22 சம பாகம் என்று அர்த்தமில்லை; இன்று சொல்லப்படும் விகிதக் கணக்குகளில் சுருதிக்குச் சுருதி இடைவெளி மாறும். 22 சம பாகத்தில் ஒவ்வொரு படியும் கறாராக 54.5 சென்ட். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற கட்டுரைகள் நிறைய உலவுகின்றன, கடந்து போய்விடுங்கள்.

ஆனால் 22 சம பாகம் தன்னளவில் சுவாரசியமான பிராணி. மேலே கமாவை விழுங்குவது பற்றிச் சொன்னேன் அல்லவா, 22 அதை விழுங்காது. நான்கு பஞ்சமம் அடுக்கினால் 8-வது படிக்கு, 436 சென்ட்டுக்குப் போய் நிற்கும்; நல்ல காந்தாரமோ 7-வது படியில், 382 சென்ட்டில் இருக்கிறது. இதனால் என்ன ஆகும்? மேஜர் ஸ்கேலின் 1, 6, 2, 5, 1-வது ஸ்வரங்களில் கட்டி எல்லோரும் வாசிக்கிற கார்டு வரிசையை எடுத்துக்கொண்டு, பொது ஸ்வரங்களை நகர்த்தாமல் பிடித்தபடி போங்கள். 0-லிருந்து 16, அங்கிருந்து ஒரு பஞ்சமம் இறங்கி 3, ஒரு மத்யமம் ஏறி 12 (13-ல் இருக்க வேண்டிய ப இது), பஞ்சமம் இறங்கினால் -1. கிளம்பிய இடத்துக்கு ஒரு படி கீழே வந்து சேர்ந்திருப்பீர்கள். நான்கு சுற்றுப் போனால் 218 சென்ட் கீழே. சுத்த விகிதங்களில் பாடினால் இப்படிச் சுருதி நகரும் என்பதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஜியோவானி பட்டிஸ்டா பெனடெட்டி என்ற இத்தாலியக் கணித அறிஞர் எழுதிவைத்தார், அங்கே நகர்வது 21.5 சென்ட், இங்கே அது 54.5-ஆக வீங்கியிருக்கிறது. 12-லும் 31-லும் இந்த வரிசை கிளம்பிய இடத்துக்கே வரக் காரணம் கமாவை விழுங்கியதுதான்.

அதனால் 22-ல் ஏழு ஸ்வர மேஜர் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை. பால் எர்லிக் என்ற கோட்பாட்டாளர் 1998-ல் இதற்குப் பத்து ஸ்வர அடுக்குகளை முன்வைத்தார். அதில் ஒன்று 2 2 3 2 2 2 2 3 2 2. அரை ஸ்தாயியிலேயே அடுக்கு திரும்ப வருவதால் பத்து ஸ்வரம் இருந்தும் ஐந்தே மோடு. கார்டும் ஒன்று விட்டு ஒன்று கிடையாது: முதல், நான்காம், ஏழாம், ஒன்பதாம் ஸ்வரங்களை எடுத்தால் 0-7-13-18, அதுதான் இந்த ஊரின் 4:5:6:7. ஏழாவது ஹார்மானிக் இங்கே 13 சென்ட் தூக்கலாக இருக்கும், 31 அளவுக்குப் பளிங்கு கிடையாது, ஆனாலும் அந்தக் கார்டு இந்தப் பத்துக்குள்ளேயே நான்கு இடத்தில் கிடைக்கிறது. நான்கு ஸ்வரக் கார்டையே அடிப்படையாக வைத்து மோடு கட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அதே கார்டு ஒரு டோனில் இனிக்கிறது, இன்னொரு டோனில் கடிக்கிறது. ட்யூனிங் மாறவில்லையே?

பதில்: மாறியது ஹார்மானிக்குகள். இரண்டு ஸ்வரங்களின் ஹார்மானிக்குகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து உரசும்போதுதான் கரகரப்பு வருகிறது, இதைப் பிளாம்ப், லெவெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1965-ல் சோதனை செய்து காட்டினார்கள். ஹார்மானிக் குறைவான மெல்லிய டோனில் உரசுவதற்கே ஆள் இல்லை, எல்லாம் சுமாராக ஒத்துப்போகும். கார்டின் ருசியும் தெரியாது. மணி மாதிரி டோன்களின் மேல்சுரங்கள் 2, 3, 4 என்ற முழு எண் வரிசையிலேயே இல்லை, அங்கே 5:4 சுத்தம் என்று பேசுவதே வீண். 31-ஐச் சோதிக்க வேண்டுமானால் ஆர்கன், ஹார்மோனியம், ரம்பப் பல் அலை மாதிரி ஹார்மானிக் நிறைந்த டோனை வையுங்கள். எதிரொலி எஃபெக்டைக் குறைத்துவிடுங்கள், அது எல்லாப் பிழையையும் மூடிவிடும்.

கேள்வி: இதை வாசிக்கத் தனிக் கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: இல்லை. பல சின்தசைசர் மென்பொருள்கள் ஸ்காலா கோப்பு என்ற எளிய எழுத்துக் கோப்பைப் படித்துக்கொள்ளும், அதில் ஒரு விளக்க வரி, மொத்தம் எத்தனை படி என்ற எண், அப்புறம் ஒவ்வொரு படியின் சென்ட் மதிப்பு என்று வரிசையாக எழுதினால் போதும். சர்ஜ் என்ற சின்தசைசர் மென்பொருள் இலவசம், அதில் செய்யலாம். சாதாரண கீபோர்டில் 31-ஐயும் வரிசையாகப் பரப்பினால் ஒரு ஸ்தாயிக்கே இரண்டரை ஸ்தாயிக் கட்டைகள் போய்விடும், கை எட்டாது. அதனால் ஒரு பாட்டுக்குத் தேவையான ஏழையோ பன்னிரண்டையோ மட்டும் தேர்ந்தெடுத்துப் பழைய கட்டைகளிலேயே ஒதுக்குங்கள். அறுகோணக் கட்டைகள் கொண்ட லுமாடோன் மாதிரி கருவிகள் அருமையானவைதான், ஆனால் அது பிறகு.

அதற்கு முன்னால் குரல் இருக்கிறது. தம்பூரா சுருதியில் ச-ப மட்டும் ஓடவிட்டு, ஐந்து காந்தாரத்தையும் ஒவ்வொன்றாகப் பாடுங்கள். முதலில் 10, அதில் துடிப்பு நிற்பதைக் காது தானாகவே கண்டுபிடிக்கும். அப்புறம் 8. பிறகு 7, கொஞ்சம் தேட வேண்டும், ஆனால் கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். 11-ஐயும் 9-ஐயும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக 9 எந்தப் பக்கமும் ஒட்டாமல் 8-க்கோ 10-க்கோ வழுக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு மட்டும் கீபோர்டில் அந்தக் கட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாடினால் நல்லது.